வேர் பறித்த வருஷம்

தலைக்கு மேல் மண் கிளறும் கொத்து ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி புதருக்குள் நிற்கிறேன். என் உயரத்தையும் தாண்டிச் சுற்றிலும் செடி. கன்னத்தில் எறும்பு ஊர்கிறது. தட்டிவிடக் கை இல்லை, இரண்டு கையாலும் கொத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்ச் சரிவில் ஒரு பாறையின் மேல் நின்றுகொண்டு ஊர்க்கவுண்டர் கத்துகிறார். "இன்னும் தூக்கு தம்பி! நல்லா தூக்கு!" எக்கித் தூக்கினேன். "தெரியுது, தெரியுது. இன்னும் ரெண்டு வருசம் ஆவணும். வெளிய வா."

ஜவ்வாது மலையில் அந்த ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள். ஊரைச் சுற்றி நான்கு சரிவுகள். ஒரு சரிவில் மூன்று வருஷம் பயிர் வைத்தால் மற்ற மூன்றும் சும்மா கிடக்கும். அதை 'ஆறவுடறது' என்பார்கள். ஆறிய சரிவை மறுபடி வெட்டலாமா என்று தெரிய வேண்டுமானால், நல்ல உயரமான ஆளை உள்ளே அனுப்பிக் கொத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கவுண்டர் எதிரிலிருந்து பார்ப்பார். கொத்தின் இரும்பு கண்ணில் பட்டால் வெட்டக் கூடாது. ஒன்றும் தெரியாத அளவுக்குச் செடி மூடியிருந்தால் கீழே மண் தேறிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஊரில் இருந்தவர்களில் உயரமானவன் நான்தான் என்பதால் என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. பித்தளை வில்லை தொங்கும் இரும்புச் சங்கிலியை இழுத்து நிலத்தை அளப்பது என் தொழில். அவரோ ஒரு ஆளையும் ஒரு கொத்தையும் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அது ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. சர்வேயருக்குச் சங்கிலி இழுக்கும் செயின்மேன் வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அடிவாரத்தில் எங்கள் மாதா கோயிலில் அம்மா அதற்காக நன்றிப் பூசை வைத்தாள். அந்தப் பக்கத்து மலையூர்களை முறையாக அளந்து யாருக்கு எது என்று எழுதப்போகிறார்கள், அதற்கு முன்னால் பாதை, ஓடை, ஊர் எல்லாம் பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். செங்கத்திலிருந்து நடந்தே ஏறினோம். மூன்றாம் நாள் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. "நடக்க முடிஞ்சா வா, இல்லன்னா இங்கயே கெட" என்று சொல்லிவிட்டு சர்வேயர் ஐயா அடுத்த ஊருக்குப் போய்விட்டார். கெட்டவர் இல்லை. மேலதிகாரிக்குப் பயந்தவர், அவ்வளவுதான். ஊர்க்கவுண்டர் வீட்டில் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தேன், தேறிய பிறகும் சர்வேயர் திரும்பி வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டுப் பழகினேன். நான் எடுத்த வாந்தியை அக்கா முகம் சுளிக்காமல் வழித்துக் கொட்டினார். என் அம்மாவுக்கு அடுத்து எனக்கு அப்படிச் செய்தவர் வேறு யாரும் இல்லை.

கவுண்டருக்கு அப்போது நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, சட்டென்று கோபம் வரும், அதைவிடச் சீக்கிரம் கேலி வரும். மலைக்காரர்கள் என்னைச் சங்கிலிக்காரர் என்பார்கள். இவருக்கு நான் தம்பி. ஒருநாள் என் சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெயில்ல இது நீளுமா?" என்று கேட்டார். இரும்புதானே, மயிரிழை நீளும் என்றேன். "அப்போ வெயில்காலத்துல அளந்தா எனக்கு நெலம் கொறையும். மழைல வந்து அளங்கடா" என்றார். ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். எங்கள் ஆபீசில் அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் பயிர் செய்யும் விதத்தை அந்த நாட்களில் பார்த்தேன், கேட்டேன். சரிவை வெட்டும்போது மரஞ்செடிகளை முழங்கால் உயரத்தில் வெட்டுவார்கள். கட்டையும் வேரும் அப்படியே நிற்கும். தழையைக் காயவிட்டு எரித்துச் சாம்பலோடு கொத்திக் கிளறுவார்கள். சாமை, தினை, ஊடே துவரை, கடைசி வருஷம் கொள்ளு. ஏர் கிடையாது. ஓடையை ஒட்டிய கொஞ்சம் சமநிலத்தில் மட்டும் ஏர் ஓட்டிக் கேழ்வரகு வைப்பார்கள். மூன்று வருஷம் முடிந்ததும் சரிவை விட்டுவிட்டுப் போனால், நிற்கிற கட்டைகளெல்லாம் தளிர்க்கும். அவ்வளவு செங்குத்தான இடத்தில் மண் நிற்பது அந்த வேர்களால்தான் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

கவுண்டரின் அப்பா காலத்தில் ஏழு சரிவுகள் இருந்தனவாம். ஒன்று ரிசர்வ் காட்டு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இன்னொன்றில் யுத்த காலத்தில் காண்ட்ராக்டர் ஆட்கள் வந்து கரிக்காக அடியோடு வெட்டினார்கள், அது திரும்பத் தளிர்க்கவே இல்லை. மூன்றாவதை ஊரே தின்றுவிட்டது. மகன்கள் பெருகினார்கள், வீடும் மாட்டுக் கொட்டிலுமாக மேலே ஏறிப்போனார்கள். முன்பு பதினெட்டு வருஷம் ஆறிய மண் இப்போது ஒன்பது வருஷம் ஆறியது. விளைச்சலும் அதற்கேற்றபடி இளைத்திருந்தது. இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று டாக்டர் கேட்டால் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் நன்றிக்கடன் என் தலைக்கேறியது. சர்வே புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏர் ஓடிய நிலம் சாகுபடி நிலம், அதற்குத்தான் பட்டா. புதர் மண்டியது காடு. பாறை என்றால் பாறை. ஆறவிட்ட நிலம் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. கொத்தோடு புதருக்குள் நின்றேனே, அன்று அங்கிருந்து இறங்கும்போதுதான் சொன்னேன்.

"கவுண்டரே, சும்மா கெடக்கிற மூணு சரிவும் போய்டுங்க."

"போறதுக்கு அதுக்கு இன்னா காலா இருக்குது?"

"புதரப் பாத்தா காடுன்னு எழுதிடுவாங்க. ஏர் ஓடியிருந்தாத்தான் உங்களுதுன்னு எழுதுவாங்க. ஆவணில வர்றாங்க."

"கொத்திப் போட்டா?"

"கொத்துக்கு அந்தப் பொஸ்தகத்துல எடம் இல்லிங்க. ஏர்த் தடம் வேணும்."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ஏர் ஓட்டணும்னா வேரப் பறிக்கணும். வேரப் பறிச்சா அப்புறம் அது ஆறாது தம்பி" என்றார். நான் விடவில்லை. ஒரே ஒரு போகம் ஓட்டிக் காட்டுங்கள், பட்டா கைக்கு வந்த பிறகு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஆறவிடுங்கள் என்றேன். அந்த வயதில் என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருந்தது. இதோடு இன்னொன்றும் கேட்டேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொன்னது நான் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும், என் பேர் வரக் கூடாது என்றேன். அவர் காலடியில் இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, "ஆவட்டும். ஒன் பேரு என் வாயால வராது" என்றார். அவர்களுக்கு அதற்கு மேல் சத்தியம் இல்லை.

அதன் பிறகும் ஒரு வாரம் அவர் எதுவும் செய்யவில்லை. கொத்தை எடுத்துக்கொண்டு போவார், வருவார், என்னிடம் அதிகம் பேசமாட்டார். நான் இரண்டு முறை நச்சரித்தேன். மூன்றாம் முறை சொன்னதை இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "நாளைக்கு ஒங்க ஊர்ப் புள்ளைங்க கூலிக்குப் போவும். அன்னிக்கு ஒங்களத்தான் திட்டும்" என்றேன். அவர் முகம் மாறியது. அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டினார். செங்கம் சந்தையில் கேள்விப்பட்டதாகச் சொல்லி நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர், "யாரு சொன்னது?" என்று கேட்டார். "வெவரமான ஆளு ஒருத்தரு" என்றார் கவுண்டர். கூட்டத்தின் ஓரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலில் கிடந்த, சங்கிலி இழுக்கிற பையனுக்கு இவ்வளவு விவரம் தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை. என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் பேச்சுக்கு இருந்த மரியாதையால்தான் ஊர் ஒத்துக்கொண்டது.

சித்திரையில் ஆரம்பித்தார்கள். வயசு வித்தியாசம் இல்லாமல் ஊர் மொத்தமும் சரிவில் இருந்தது. வெட்டுவது சுலபம். வேர்தான் வரவில்லை. சுற்றிலும் தோண்டி, கடப்பாரை போட்டு நெம்பி, கயிறு கட்டி நாலைந்து பேர் இழுப்பார்கள். ஒரு கட்டையைப் பறிக்க அரை நாள் ஆகும். பறித்த இடத்தில் ஒரு ஆள் இறங்கி நிற்கிற பள்ளம். கீழேயிருந்து உறவு முறையில் மாடுகளை இரவல் வாங்கி ஓட்டி வந்தார்கள். சமநிலத்தில் பழகிய மாடுகள் அந்தச் சரிவில் கால் ஊன்ற முடியாமல் மிரண்டன. ஒரு எருது உருண்டு விழுந்து செத்தது. நான் கீழே இறங்குவதற்கு முன் முதல் சரிவில் முதல் ஏர் ஓடியதைப் பார்த்தேன். வரிவரியாகச் சிவந்த மண். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஊரையே காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆவணியில் சர்வே வரவில்லை. வேறு தாலுகாவை முதலில் முடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. தை மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். அந்த உத்தரவில் எங்கள் சர்வேயர் ஐயா கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆகட்டும், தையில் அறுவடை முடிந்த தாள் நிற்கும், ஏர்த் தடம் அப்போதும் தெரியும் என்று நினைத்தேன். மழை என் நினைப்பில் வரவே இல்லை.

ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் கொட்டியது. அடிவாரத்தில் எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் மலையாறு கரை புரண்டது. வேடிக்கை பார்க்கப் போனேன். தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தது. கரையில் நின்ற கீழ்நாட்டு விவசாயிகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மேல்மண்ணு சும்மா வருது பாருங்க. இந்த வருசம் எருவே போட வேணாம்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அது எந்த மண் என்பது எனக்கு அன்று ராத்திரி சாப்பாட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

தையில் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு சர்வேயருக்குப் பின்னால் ஏறினேன். மூன்று சரிவும் வெள்ளையாகத் தெரிந்தன. தூரத்திலிருந்து என்னவென்று புரியவில்லை. பக்கத்தில் போனதும் தெரிந்தது, பாறை. வேர் பறித்த பள்ளங்களில் தண்ணீர் இறங்கி, பள்ளங்களை ஒன்றோடு ஒன்று அறுத்து, மொத்த மண்ணையும் உரித்துக்கொண்டு போயிருந்தது. அதோடு நிற்கவில்லை. ஓடையோரச் சமநிலத்தில் இடுப்பளவு கல்லும் மணலும் மேடிட்டிருந்தன. ஊருக்கு எப்போதும் சோறு போட்ட கேழ்வரகு நிலம் அதற்கு அடியில் கிடந்தது. அந்த வருஷம் பயிரில் இருந்த நான்காவது சரிவு மட்டும், கட்டைகள் நின்ற அந்த ஒன்று மட்டும், நின்றது. கொத்திய நிலம் என்பதால் அதைச் சர்வேயர் காடு என்று எழுதினார்.

மற்றதற்குக் கவுண்டர் முன்னால் வந்து, "அய்யா, ஆவணில வந்திருந்தா இங்க ஏர் ஓடிச்சிங்க. ஊரே சாட்சி" என்றார். சர்வேயர் ஐயா இரக்கமாகத்தான் பேசினார். "கண்ணால பாக்கறதத்தான்யா நான் எழுத முடியும். இது பாறை. சாகுபடிக்கு லாயக்கில்லாத பாறை." எழுதினார். சங்கிலியின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். அளந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

கிளம்பும் அன்று கவுண்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று போனேன். அவர் என் தோளில் கை வைத்து, "நீ சொன்னது பொய்யில்ல தம்பி. பக்கத்து ஊர்ல புதர் கெடந்தத காடுன்னுதான் எழுதினாங்க, விசாரிச்சேன். நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்றார். தோளில் அந்தக் கை கனத்தது. என்னைத் திட்டியிருந்தால் நான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்றுகூட நினைத்ததுண்டு.

ஊர் அவரை விடவில்லை. கவுண்டர் பட்டத்தைப் பறித்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, அவர்கள் வீட்டுக்கு நெருப்பு கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். சொன்ன ஆளின் பேரைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுகிறோம், அவனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மூன்று முறை கூட்டம் போட்டுக் கேட்டார்களாம். "சந்தையில ஒரு ஆளு, மூஞ்சி நெனப்பில்ல" என்று மூன்று முறையும் சொன்னாராம். இதெல்லாம் கடுக்காய் விற்க வாணியம்பாடிக்கு இறங்கிய மலைக்காரர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரிந்தது. ஒரு கடுதாசி போட்டிருந்தால் போதும். ஒரு நாள் நடந்து ஏறியிருந்தால் போதும். வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வேலை நிரந்தரமாயிற்று, அப்போதும் போகவில்லை. நான் கோழை. இதை எழுதுகிற வயதில் அதை வேறு பேர் சொல்லி மழுப்புவதில் பிரயோஜனம் இல்லை.

ஊர் ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. காப்பித் தோட்டத்துக் கூலிக்கு வேறு மலைகளுக்குப் போனார்கள். சில வருஷம் கழித்து எனக்கு ஆபீசில் உட்கார்ந்து பிரதி எடுக்கும் வேலை கொடுத்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தப் பகுதியைப் பற்றிய அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. மலைவாசிகளின் பொறுப்பற்ற சாகுபடியால் சரிவுகளில் மண் அடியோடு அரிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி. ஒரு எழுத்துப் பிசகாமல் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். மலைக்காரன்தான் மலையைக் கெடுத்தான் என்று யாராவது இன்றும் என் எதிரில் பேசினால் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறந்து அந்தக் கதையைச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பக்கம் பஸ் போகிறது. பேரனின் வண்டியில் ஒருமுறை போனேன். பக்கத்து ஊரில் காடு என்று எழுதின சரிவுகள் காடாகவாவது நிற்கின்றன. அவர்களுக்கு உரிமை போயிற்று, மண் போகவில்லை. நான் காப்பாற்றிய மூன்று சரிவுகளில் இன்றும் பாறை வெடிப்புகளில் உண்ணிச்செடிதான். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

அதற்கு வெகு முன்னால், அறுபதுகளின் கடைசியில், ஒரே ஒரு தடவை அந்த வீட்டுக்கே போயிருக்கிறேன். கவுண்டர் செத்துப்போன செய்தி ஒரு வருஷம் கழித்துக் கிடைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் ஏறினேன். ஊரில் நாலைந்து வீடுகளில்தான் புகை வந்தது. அக்கா ஒற்றையாளாக வாசலில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும், "சங்கிலிக்காரத் தம்பியா? காய்ச்சல்ல கெடந்தியே, ஒடம்பு தேறிட்டியா?" என்று பத்து வருஷத்துக்கு முந்தைய காய்ச்சலை விசாரித்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கவுண்டர் பொணத்தைத் தூக்கக்கூட ஊர் வரவில்லை, தன் தம்பிமார் இரண்டு பேர் வேறு ஊரிலிருந்து வந்து எடுத்துப்போனார்கள் என்று சொன்னார். அழவில்லை. உடைத்துக்கொண்டே சொன்னார்.

"சாவறப்போ கூட கேட்டேன் தம்பி. எந்தப் பாவி சொன்னான், என்கிட்டயாவது சொல்லுன்னு. 'அவன் நல்லதுக்குத்தான் சொன்னான், வுடு'ன்னுட்டாரு. கடைசி வரைக்கும் சொல்லல." கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ அந்த ஆபீசுலதான இருந்த. ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே. யாரு தம்பி அது?"

"தெரியாதுக்கா" என்றேன்.